வலச்சொடுக்குப் பட்டி: ஒரு வரலாற்று நோக்கு

கருவிகளின் வரலாறு அவற்றைப் படைத்தோரின் வரலாறு மட்டுமன்று. அவற்றைக் கையாள்வோரைப் பற்றிப் படைத்தோர் கொண்டிருந்த எண்ணங்களின் வரலாறுமாகும். கணினிச் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தியதும் திரையில் தோன்றும் சிறு பட்டி இதற்குத் தக்க சான்றாகும். பயனருக்கு எதனைக் காட்டுவது, எதனை மறைத்து வைப்பது என்ற நீண்ட விவாதம் அதன் பின்னே நிகழ்ந்து வந்துள்ளது.

1968 டிசெம்பர் 9 ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் அவையோர் முன் இயக்கிக் காட்டிய சுட்டியில் மூன்று பொத்தான்கள் இருந்தன. 1973 இல் செரொக்ஸ் நிறுவனத்தின் பலோ அல்ரோ ஆய்வு நிலையத்தில் உருவான அல்ரோ கணினியும் முப்பொத்தான் சுட்டியையே கொண்டிருந்தது. அந்நிலையத்தில் வளர்ந்த ஸ்மோல்ரோக் மொழிச் சூழலில் பொத்தான்கள் சிவப்பு, மஞ்சள், நீலம் என நிறப்பெயர்களாற் குறிக்கப்பட்டன. மஞ்சட் பொத்தானை அழுத்தின், சுட்டி நின்ற இடத்திலேயே அவ்விடத்துக்குரிய கட்டளைகள் பட்டியாகத் தோன்றின. இன்றைய வலச்சொடுக்குப் பட்டியின் மூலம் இதுவே எனலாம்.

எனினும், ஆய்வாளர்க்கு எளிதாயிருந்தது பொதுமக்களுக்கும் எளிதாயிருக்குமா என்ற வினா விரைவில் எழுந்தது. செரொக்ஸிலிருந்து அப்பிள் நிறுவனத்துக்குச் சென்ற லரி ரெஸ்லர், எப்பொத்தானை அழுத்துவதெனப் புதியவர் தடுமாறுவர் என்பதனால் ஒற்றைப் பொத்தானே போதுமென வாதிட்டார். 1983 இல் வெளிவந்த லிசாவும் 1984 இல் வெளிவந்த மக்கின்ரொஷும் அவ்வாறே அமைந்தன. கட்டளைகள் அனைத்தும் திரையின் மேற்பட்டையில், தேடுவோர் கண்ணுக்குப் புலப்படும்படி வைக்கப்பட்டன.

ஆனால், மென்பொருள்கள் பெருகப் பெருகக் கட்டளைகளும் பெருகின, மேற்பட்டை இடங்கொள்ளவில்லை. 1992 இல் வெளியான எக்செல் 4.0 வலப் பொத்தானுக்குக் குறுக்குவழிப் பட்டிகளை வழங்கியது. 1995 ஒகஸ்ட் மாதத்தில் வெளியான விண்டோஸ் 95 இவ்வழக்கத்தை இயங்குதளம் முழுவதற்கும் பொதுவாக்கியது. ஒற்றைப் பொத்தானைப் போற்றிய அப்பிளும் 1997 இல், கொன்ட்ரோல் விசையை அழுத்தியவாறு சொடுக்கின் பட்டி தோன்றுமாறு மாக் ஓ.எஸ். 8 ஐ அமைத்தமை குறிப்பிடத்தக்கது.

இவ்வளர்ச்சியின் உச்சத்தை ஒபிஸ் 97 இன் கருவிப்பட்டைகளிற் காணலாம். அவற்றின்மீது வலச்சொடுக்கின், கருவிப்பட்டைகளின் நிரல் தோன்றியது. வேண்டியதைத் திறக்கவும், வேண்டாததை மறைக்கவும், தனிப்பயனாக்கத்தின் வாயிலாகப் பொத்தான்களை இடம்மாற்றவும் பயனரால் இயன்றது. கருவியை ஒழுங்குபடுத்தும் உரிமை படைத்தோரிடமிருந்து பயன்படுத்துவோர் கைக்கு ஓரளவு மாறிற்று. ஆயின், அவ்வுரிமை அங்குண்டு என்பதற்கான அடையாளம் எதுவும் பட்டையிற் காணப்படவில்லை. கேட்டறிந்தோருக்கே அது பயன்பட்டது.

மறைந்திருந்த உரிமையைக் குறைத்தல் எளிதாயிற்று. ஒபிஸ் 2007 இல் வேர்ட், எக்செல் முதலியவற்றின் கருவிப்பட்டைகள் நீங்கி ரிபன் இடம்பெற்றபோது, பயனரின் ஒழுங்கமைப்புச் சுதந்திரம் பெரும்பாலும் விரைவு அணுகல் பட்டை ஒன்றனுள் அடங்கிற்று. 2021 இல் வெளியான விண்டோஸ் 11 இன் தொடக்கப் பதிப்பில், பணிப்பட்டையின் வலச்சொடுக்குப் பட்டி அமைப்புகளுக்குச் செல்லும் ஒரே வழியாகச் சுருங்கியது. அதிலிருந்து நீக்கப்பட்ட பணி முகாமை பின்னர் மீண்டும் சேர்க்கப்பட்டது. பழகியோர் அதன் இழப்பை உணர்ந்தனர். அங்கு அது இருந்ததை அறியாதோர்க்கு இழப்பென எதுவும் தோன்றியிராது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? எளிமையை நாடியோர் அனைத்தையும் வெளிப்படக் காட்ட முனைந்தனர். விரைவை நாடியோர் வேண்டியதை வேண்டிய இடத்தில் ஒளித்து வைத்தனர். இரு சாராரும் பயனரின் நன்மையையே கருதினர். ஆயினும், ஒளித்து வைக்கப்பட்ட வசதி அறிந்தோர்க்கு மட்டுமே உரியதாகின்றது. அறியாதோர் தொகை மிகும்போது, அவ்வசதியை நீக்குவோருக்கு எதிர்ப்பும் குறைந்து விடுகின்றது. எனவே, ஓர் உரிமையை வழங்குதல் மட்டும் போதாது. அஃது எங்குளது என்பதை அறியச் செய்தலும் வழங்குவோரின் கடமையேயாகும்.