கடலரசனும் இரும்புக்கையனும்: எதிர்நாயகச் சித்திரக்கதையின் வளர்ச்சியும் கொங்கு நாட்டு வாசகரும்

மக்கள் சிந்தனைப் பேரவையினர் 2005ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் ஈரோட்டுப் புத்தகத் திருவிழா ஆகஸ்டு மாதத்தில் தொடங்கும்போது, சிவகாசியிலிருந்து வெளிவரும் முத்து, லயன் ஆகிய சித்திரக்கதை இதழ்களின் வாசகர்களும் அந்நகரில் ஒன்றுகூடி, தம் பிள்ளைப் பிராயத்தில் படித்த கதைகளைப் பற்றிப் பேசிக் களிப்பதை வழக்கமாகக் கொண்டிருக்கிறார்கள். இன்ன கதைக்குச் சித்திரம் தீட்டியவர் யார், கறுப்பு வெள்ளையில் வந்ததற்கு வண்ணம் பூசுவது தகுமா, மறுபதிப்பின் அளவு பெரிதாயிருக்க வேண்டுமா கையடக்கமாயிருக்க வேண்டுமா என்றெல்லாம் எழும் விவாதங்களை வெறும் பழம்நினைவு என்று தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏனெனில், அவ்விவாதங்களில் திரும்பத் திரும்ப அடிபடும் இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும் தொடக்கத்திலேயே தர்மத்தின் பக்கம் நின்றவர்கள் அல்லர். குற்றவாளிகளாகவே தம் கதையைத் தொடங்கியவர்கள். அத்தகைய பாத்திரம் எங்கே தோன்றி, எவ்வாறு உருமாறி, கடலே இல்லாத நொய்யல் கரைக்கும் பவானிக் கரைக்கும் வந்துசேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வினத்தின் மூதாதையைக் கடலுக்கடியில்தான் தேட வேண்டும். 1939ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான 'மார்வெல் காமிக்ஸ்' முதல் இதழில், பில் எவரெட் என்னும் ஓவியர் தாமே எழுதித் தாமே வரைந்த நேமோர், அமெரிக்கக் கப்பல் தலைவன் ஒருவனுக்கும் நீரடி நாட்டு இளவரசி ஒருத்திக்கும் பிறந்த மகன். தென்துருவக் கடலில் பனியைப் பிளக்க அக்கப்பலார் வைத்த வெடிகளால் தன் தாயின் குலம் பட்ட அழிவுக்குப் பழிவாங்கவே அவன் நியூயார்க் நகரின்மேல் படையெடுத்தான். முக்கோணத் தலையும், மேல்நோக்கி வளைந்த புருவமும், கூரிய செவிகளும், கணுக்காலில் சிறு சிறகுகளுமாக எவரெட் தீட்டிய அந்த உருவத்தில், அரச கம்பீரமும் அடங்காத சினமும் ஒருங்கே குடிகொண்டிருந்தன. 1941ஆம் ஆண்டின் கதையொன்றில் அவன் பேரலை எழுப்பி நியூயார்க்கையே மூழ்கடிக்கிறான். இத்தனை பெரிய அழிவைச் செய்பவனைச் சிறுவர் ஏட்டின் நாயகனாக நிறுத்திய துணிவு அக்காலத்தில் அரிது.

பின்னர் வந்த உருமாற்றங்களில் மூன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். போருக்குப் பின் மங்கிப்போயிருந்த நேமோரை 1962இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' நான்காம் இதழில் மீண்டும் கொணர்ந்தபோது, அவன் நினைவிழந்து தாடி வளர்த்துத் திரியும் ஓர் அனாதையாக இருந்தான். நீரில் எறியப்பட்டு நினைவு மீண்டதும், அணுகுண்டுச் சோதனையால் தன் நாடு பாழானதைக் கண்டு, மனித குலத்தின்மேல் மறுபடியும் பகை கொண்டான். பழைய சினத்துக்குப் புதிய காலத்தின் நியாயமான காரணம் ஒன்றைக் கண்டுபிடித்த இந்த உத்தியை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். 1966இல் வந்த தொலைக்காட்சிப் படமோ இதழ்ப் பக்கங்களின் சித்திரங்களையே பிரதியெடுத்துச் சற்றே அசைத்துக் காட்டியது. 2022இல் ரயன் கூக்ளர் இயக்கித் தமிழிலும் ஒலித்த 'பிளாக் பேந்தர்: வகாண்டா ஃபாரெவர்' படத்தில், மெக்சிகோ நடிகர் டெனோச் ஹுவெர்ட்டா ஏற்ற நேமோர், ஸ்பானியரின் ஆதிக்கத்துக்குத் தப்பிக் கடலுக்குள் குடியேறிய மாயா குலத்தின் வேந்தனாக வருகிறான். நாடும் குலமும் மாறினாலும், இழைக்கப்பட்ட அநீதியிலிருந்து பிறந்த கோபம் மாறாததால், பாத்திரமும் சிதையவில்லை.

இனி நம் வாசகருக்கு நெருங்கியவனிடம் வருவோம். 1962ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டனில் தொடங்கிய 'வேலியண்ட்' வார இதழின் முதல் ஏட்டிலேயே இடம்பெற்ற லூயிஸ் கிராண்டேல், பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். முன்பொரு விபத்தில் ஒரு கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன், பின்னொரு விபத்தில் பாய்ந்த மின்சாரத்தால், அந்தக் கை ஒன்று தவிர உடல் முழுதும் கண்ணுக்குத் தெரியாதவனாகிறான். கிடைத்த சக்தியை அவன் முதலில் பயன்படுத்தியது கொள்ளைக்கே. நிழற்படை என்னும் உளவுப்பிரிவில் சேர்ந்து நல்வழிப்பட்டது பின்னர்தான். கதையை முதலில் எழுதியவர் விஞ்ஞானப் புனைகதையாசிரியர் கென் பல்மர்; அதற்கு உயிரூட்டியவரோ பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. தம் சகோதரர்களின் துணையுடன் அவர் தீட்டிய பக்கங்களில், மழை நனைத்த வீதிகளும், ஆழ்ந்த கருநிழல்களும், அவற்றினூடே தனித்து மிதந்துவரும் ஓர் இரும்புக் கரமும் வாசகனின் நெஞ்சை உறையச் செய்வன. காணமுடியாத நாயகனை வரைவது எந்த ஓவியருக்கும் கடினமான காரியம். பிளாஸ்கோ சுற்றியிருப்போரின் முகங்களில் அச்சத்தை எழுதி, அதன் வழியே அவனது இருப்பை உணர்த்தினார். எவரெட்டின் புருவக் கோடு எதைச் சாதித்ததோ, அதையே பிளாஸ்கோவின் நிழல் சாதித்தது என்பது என் துணிபு.

தமிழில் இரும்புக்கை மாயாவி எனப்பட்ட இந்தக் கிராண்டேலே 1972இல் சௌந்தரபாண்டியன் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழுக்கு நாயகனானான். முல்லை தங்கராசன் ஆசிரியப் பொறுப்பில் துணைநின்ற அக்காலத்தில், 'பாம்புத் தீவு', 'பாதாள நகரம்' போன்ற இதழ்கள் தமிழ்நாடெங்கும் பரவின. கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் அட்டை கிழிந்த பிரதிகளைத் தேடியலைந்த ஒரு தலைமுறை அவ்வாறு உருவாயிற்று. தமிழாக்கத்தில் சொல் மாறியது. பலூனுக்குள் தமிழ் வாக்கியம் அடங்குமாறு சுருங்கவும் நேர்ந்தது. கோடு மட்டும் மாறவில்லை. கறுப்பு வெள்ளையில் பிறந்த சித்திரம் கறுப்பு வெள்ளையிலேயே அச்சேறியதனால், ஸ்பெயின் ஓவியரின் நிழல் ஏறத்தாழ முழுமையாகவே நம் சிறுவர் கைக்கு வந்தது. ஆகையால், மறுபதிப்புக்கு வண்ணம் வேண்டும் என்போரின் ஆசையை நான் புரிந்துகொண்டாலும், மாயாவியின் விஷயத்தில் அதற்கு இணங்கமாட்டேன். வண்ணம் பூசிய மாத்திரத்தில் பிளாஸ்கோவின் இருள் வெறும் பின்புலமாகிவிடும்.

சௌந்தரபாண்டியனின் மைந்தர் விஜயன் 1984 ஜூலையில் லயன் காமிக்ஸைத் தொடங்கி, மாடஸ்டி என்னும் நாயகிக்கு அடுத்தபடியாகக் கொணர்ந்த ஸ்பைடர், 1965இல் டெட் கோவன் எழுத்திலும் ரெக் பன் சித்திரத்திலும் இங்கிலாந்தில் பிறந்து, சூப்பர்மேனைச் சிருஷ்டித்தவர்களுள் ஒருவரான ஜெர்ரி சீகலால் வளர்க்கப்பட்டவன். குற்றவுலகச் சக்கரவர்த்தியாவதே அவனது முதல் இலட்சியம். பிற்பாடுதான் குற்றவாளிகளை வேட்டையாடுபவனாகிறான். ரசிகர் அவனைக் 'கூர்மண்டையன்' என்று செல்லமாக அழைப்பதில், ரெக் பன்னின் பேனா தந்த அந்த விகார வடிவத்தின்மீது கொண்ட வாத்சல்யமே தெரிகிறது.

குற்றமும் வீரமும் ஒருங்கே பெற்றவனை நேசிக்கக் கொங்கு நாட்டாருக்கு வெளிநாட்டு ஏடுகள் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. உடுக்கடித்து இரவிரவாய்ப் பாடப்படும் அண்ணன்மார் கதையில், மூத்தவர் பொன்னர் பொறுமையின் வடிவம். இளையவர் சங்கரோ அடங்காச் சினத்தவர், பகை கொண்டால் பின்வாங்காதவர், முடிவில் தம் வாளாலேயே தம்மை மாய்த்துக்கொள்பவர். கேட்போர் கண்ணீர் பெருகுவதோ பெரும்பாலும் அவர் பொருட்டே. 1960களில் காங்கேயம் வட்டாரத்தில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் அம்மையார் இக்கதையை ஒலிப்பதிவு செய்து, பிற்காலத்தில் 26 பகுதிகள் கொண்ட உயிரூட்டுச் சித்திரத் தொடராகவும் சித்திரக்கதை நூல்களாகவும் ஆக்குவித்தார். ஓவியர் ரவிச்சந்திரன் ஆறுமுகம் அவற்றுக்குச் சித்திரம் தீட்டினார். வாய்மொழிக் காவியம் சித்திரக்கதையாகும் இம்முயற்சியை, அயல்நாட்டு நாயகரைப் பற்றிப் பேசும் ரசிகர்கள் இன்னும் அதிகமாகக் கவனிக்க வேண்டும் என்பது என் விருப்பம். சங்கரின் கோபத்தை மென்மையாக்காமல் வரைவதில் எத்தனை இடர் உண்டென்பது, பிளாஸ்கோவையும் எவரெட்டையும் கற்றவர்களுக்கே நன்கு விளங்கும்.

ஃப்ளீட்வே என்னும் பிரிட்டிஷ் பதிப்பகத்தின் பழைய சித்திரங்களுக்கு உரிமை பெற்ற ரெபெல்லியன் நிறுவனம் மாயாவியின் ஆரம்பக் கதைகளை 2021இல் ஆங்கிலத்தில் நூலாக மறுபதிப்புச் செய்தது. கோவை மாவட்டம் கிணத்துக்கடவில் பிறந்த இயக்குநர் லோகேஷ் கனகராஜோ 'இரும்புக்கை மாயாவி' என்னும் பெயரில் ஒரு படம் எடுக்கும் எண்ணத்தைப் பலமுறை வெளியிட்டிருக்கிறார். அது திரையேறுமாயின், நிழற்படையின் வீரனாக மட்டும் அவனைக் காட்டாமல், ஆய்வுக்கூடத்தில் அவமதிப்பும் ஆசையும் கலந்து குற்றத்தில் இறங்கிய அந்த முதல் கிராண்டேலையும் பார்வையாளர் முன் நிறுத்த வேண்டும். அப்பகுதியை நீக்கிவிட்டால், எஞ்சுவது எந்த நாட்டுப் படத்திலும் கிடைக்கக்கூடிய மற்றோர் உளவாளிதான்.