இரண்டு அலை போதும்

கணினியால் எந்த ஒலியை வேண்டுமானாலும் உண்டாக்க முடியும், கோட்பாட்டளவில் அதற்கு எல்லையே கிடையாது என்று 1963இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார் மாக்ஸ் மாத்யூஸ். குறுக்கே நிற்பவை இரண்டுதான் என்றும் சொன்னார். ஒன்று செலவு, இன்னொன்று, காது எப்படிக் கேட்கிறது என்பது பற்றி நமக்குத் தெரியாதது. பெல் ஆய்வகத்துப் பொறியாளரான மாத்யூஸ் சும்மா சொல்லவில்லை. 1957இலேயே ஐபிஎம் 704 கணினியைப் பதினேழு நொடி பாட வைத்தவர் அவர். கேட்டவர்கள் யாரும் அதை அழகு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் வெறும் எண்களிலிருந்து ஓர் இசைத்துணுக்கு வந்திருந்தது.

அந்தக் கட்டுரை ஒரு மேளக்காரர் கையில் போய்ச் சேர்ந்தது. ஜான் சௌனிங் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இசையமைப்பு படித்துக்கொண்டிருந்தார். அங்குள்ள இசைக்குழுவில் டிம்பனி வாசிப்பவர். கடற்படையில் இருந்தபோது இசை பயின்று, பின்னர் பாரிஸ் போய் நாதியா புலான்ஷேயிடம் பாடம் கேட்டவர். கணினியை நேரில் பார்த்ததுகூட இல்லை. 1964 கோடையில் நியூஜெர்சியில் இருந்த பெல் ஆய்வகத்துக்கே போய் மாத்யூஸைச் சந்தித்து, ஒரு பெட்டி துளை அட்டைகளோடு திரும்பினார். அந்த அட்டைகளில் இருந்தது மாத்யூஸின் இசை நிரல். அதை ஸ்டான்ஃபோர்டு கணினியில் ஓட வைக்க உதவியவர் டேவிட் பூல். கணித மாணவர், அதே இசைக்குழுவில் ட்யூபா வாசித்தவர். கணினி இசை வரலாற்றில் இந்த மாதிரிக் கூட்டணியை அடிக்கடி பார்க்கலாம்: ஒருவருக்குச் சமன்பாடு தெரியும், மற்றவருக்குக் காது இருக்கும்.

மாத்யூஸ் சொன்ன செலவு என்ன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ட்ரம்பெட்டில் ஒரு சுரம் ஊதினால் வருவது ஓர் அதிர்வெண் அல்ல. அடிப்படைச் சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று ஒரு கூட்டமே வெளிவருகிறது. அந்தக் கூட்டத்தில் யார் எவ்வளவு உரக்கப் பேசுகிறார்கள் என்பதுதான் ட்ரம்பெட்டையும் வயலினையும் பிரித்துக் காட்டுகிறது. அதிலும் ஒவ்வொரு உறுப்பும் தன் போக்கில் ஏறி இறங்குகிறது. கணினியில் இதைச் செய்ய நேர்வழி, ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு சைன் அலையைத் தனியாக உண்டாக்கிக் கூட்டுவது. பதினைந்து உறுப்பு என்றால் பதினைந்து அலை, பதினைந்து ஏற்ற இறக்கக் கோடு. ஒரு நொடி ஒலிக்கு ஆயிரக்கணக்கான எண்கள் வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்கும் இத்தனை கணக்கு. சில நொடி ஒலியைக் கேட்கப் பல நிமிடம் காத்திருந்த காலம் அது.

ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகம் பல்கலைக்கழகத்துக்கு மேலே ஒரு குன்றில் இருந்தது. கட்டடத்தின் பெயர் டி.சி. பவர் ஆய்வகம். மின்சாரத்தை வைத்து யாரோ விளையாடிய பெயர் போலத் தோன்றும். உண்மையில் டொனால்டு பவர் என்ற ஒரு நிறுவனத் தலைவரின் பெயர்தான் அது. கணினிக்குப் பகலில் சொந்தக்காரர்கள் நிறைய. இசைக்காரர்களுக்குக் கிடைத்தது இரவு.

1967இல் அங்கே சௌனிங் வைப்ராட்டோவைச் சோதித்துக்கொண்டிருந்தார். வயலின்காரர் விரலை அசைத்து ஒரு சுரத்தை மேலும் கீழுமாக நடுக்குவாரே, அது. நம் கமகத்துக்குத் தூரத்து உறவு. கணினியில் இதற்கு இரண்டு அலையியற்றி போதும். ஒன்று சுரத்தைப் பிடிக்கும், மற்றொன்று அந்தச் சுரத்தை நொடிக்கு ஐந்தாறு முறை அசைக்கும். அசைவின் வேகத்தை அவர் கூட்டினார். ஆழத்தையும் கூட்டினார். மனிதக் கையால் முடியாத வேகத்துக்கும், எந்த வயலினிலும் வராத ஆழத்துக்கும் கொண்டுபோனார். ஒரு கட்டத்தில் நடுக்கம் காதிலிருந்து மறைந்துவிட்டது. சுரம் அசைவதாகவே தெரியவில்லை; அதற்குப் பதிலாக, ஒலியின் நிறமே மாறியிருந்தது. வெறும் சீழ்க்கை போலிருந்த சைன் அலை உடம்பு வைத்து, இசைக்கருவிபோல் ஒலித்தது.

எண்களை இரட்டிப்பாக்கிப் பார்த்தார். ஒலியின் நிறம் அப்படியே இருக்க, சுரம் மட்டும் ஒரு ஸ்தாயி மேலே போனது. அப்படியானால் இது தற்செயலான இரைச்சல் இல்லை, உள்ளே ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று தெரிந்தது. அவர் காதால் முதலில் கண்டுபிடித்ததற்கான கணக்குப் பொறியியல் பாடநூல்களில் ஏற்கெனவே இருந்தது. நாம் பண்பலை என்று கேட்கும் எஃப்.எம். வானொலியின் கணக்கேதான். முப்பதுகளில் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் செய்து காட்டியதும் ஓர் அலையின் அதிர்வெண்ணை மற்றோர் அலையால் அசைப்பதுதான். வானொலியில் சுமக்கும் அலை நொடிக்குக் கோடிக்கணக்கில் அதிரும். எனவே அதைச் சுற்றிப் பக்கவாட்டில் முளைக்கும் புதிய அதிர்வெண்கள் யார் காதிலும் விழாது. சௌனிங் இரண்டு அலைகளையும் காதுக்கு எட்டும் எல்லைக்குள் கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் முளைத்தவைதான் இசையாகக் கேட்டன.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 400 ஹெர்ட்ஸ் அலையை 100 ஹெர்ட்ஸால் அசைத்தால், இருபுறமும் நூறு நூறாக விலகி 300, 500, 200, 600, 100, 700 என்று அதிர்வெண்கள் பிறக்கும். எல்லாம் நூறின் மடங்குகள். காது இவற்றைச் சேர்த்து ஒரே சுரமாக, ஊதுகருவியின் ஒலியாகக் கேட்கும். அதே 400ஐ 141ஆல் அசைத்தால் 541, 259, 682, 118 என்று ஒன்றோடொன்று ஒட்டாத எண்கள் வரும். இப்போது காதில் விழுவது உலோகம்: மணி, தாம்பாளம், தட்டிய இரும்புக் குழாய். அசைவின் ஆழத்தைக் கூட்டக் கூட்ட, புதிய அதிர்வெண்கள் மேலும் மேலும் தொலைவில் முளைத்து ஒலி பளிச்சென்று ஆகும். ஆக, திருகுவதற்கு இருப்பவை இரண்டு: எண்களின் விகிதம் ஒன்று, ஆழம் ஒன்று. பதினைந்து அலை செய்த வேலைக்கு இரண்டு அலை போதும். இந்தக் கண்டுபிடிப்பு பின்னால் போன ஊர்கள் எல்லாவற்றுக்கும் அதை அழைத்துப் போனது இந்தச் சிக்கனம்தான் என்பது என் எண்ணம்.

செலவு தீர்ந்தது, காதின் புதிருக்கு விடை 1971இல் வந்தது. பெல் ஆய்வகத்தில் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜான் க்ளோத் ரிஸே ட்ரம்பெட் ஒலியை அக்கக்காகப் பிரித்துப் பார்த்து ஒன்று சொல்லியிருந்தார்: பித்தளைக் கருவிகளில் ஒலி உரக்க ஏற ஏறத்தான் மேல் அதிர்வெண்கள் விழித்துக்கொள்கின்றன. சௌனிங்குக்கு அது நினைவுக்கு வந்தது. ஒலியின் உரப்பை ஏற்றி இறக்கும் அதே கோட்டை அசைவின் ஆழத்துக்கும் கொடுத்தார். அவ்வளவுதான், ட்ரம்பெட் வந்துவிட்டது. நிழற்படம்போல் அச்சு அசலாக அல்ல. ஆனால் காது நம்பும் அளவுக்கு. 1973இல் இதையெல்லாம் விளக்கி ஒலிப்பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் அவர் எழுதிய கட்டுரை, கணினி இசை படிப்பவர்களுக்கு இன்றும் முதல் பாடங்களில் ஒன்று.

ஸ்டான்ஃபோர்டு இதை விற்கக் கிளம்பியது. ஹாமண்ட் போன்ற அமெரிக்க ஆர்கன் நிறுவனங்கள் கேட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. அவர்களுடைய பொறியாளர்கள் வளர்ந்தது வேறு உலகம். எண்களாகவே இருக்கும் ஒலி அவர்களுக்குப் பிடிபடவில்லை. பிறகு ஜப்பானின் யமஹாவிலிருந்து இஷிமுரா என்ற பொறியாளர் வந்தார். பத்தே நிமிடத்தில் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று சௌனிங் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஹமாமத்சு நகரில் 1887இல் பழுதான ஓர் ஆர்கனைச் சரிபார்த்ததில் தொடங்கிய நிறுவனம் யமஹா. இப்போது சில்லுகளையும் தானே செய்யத் தொடங்கியிருந்தது.

இதே சமயத்தில் நடந்ததைப் பல்கலைக்கழகங்களின் கதை தெரிந்தவர்கள் சிரிக்காமல் கேட்பார்கள். ஸ்டான்ஃபோர்டின் இசைத்துறை சௌனிங்குக்கு நிரந்தரப் பணி தர மறுத்துவிட்டது. அவர் ஐரோப்பாவுக்குப் போனார். யமஹா உரிமம் வாங்கிக்கொண்டு, கண்டுபிடித்தவரைக் காட்டுங்கள் என்று கேட்டபோது அவர் வளாகத்தில் இல்லை. 1975இல் பல்கலைக்கழகம் அவரை ஆய்வாளராகத் திரும்ப அழைத்துக்கொண்டது. நான்கு நண்பர்களோடு சேர்ந்து அவர் அங்கே ஒரு கணினி இசை மையத்தைத் தொடங்கினார். 1977இல் கிடைத்த காப்புரிமை, தொண்ணூறுகளின் நடுவில் காலாவதி ஆவதற்குள் ஸ்டான்ஃபோர்டுக்கு 2 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்துக் கொடுத்தது. அந்தத் துறையின் வரவுசெலவுப் புத்தகத்தில் வேறெந்த டிம்பனிக்காரரும் இப்படி எழுதியதில்லை.

சில்லு தயாராக யமஹாவுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் சௌனிங் தன் வேலையைப் பார்த்தார். 1977இல் பாரிஸில் அரங்கேறிய 'ஸ்ட்ரியா' என்ற தன் படைப்பில் ஸ்தாயிக்கு இரண்டு மடங்கு என்ற பழைய விதியையே எடுத்துவிட்டு, 1.618 என்ற பொன் விகிதத்தை வைத்தார். சுரங்களின் இடைவெளியும் அதே விகிதம், ஒவ்வொரு சுரத்துக்கு உள்ளே இருக்கும் அதிர்வெண்களும் அதே விகிதம். வேறெந்தக் கருவியாலும் வாசிக்க முடியாத இசை. இரண்டாண்டு கழித்து அதே பாரிஸில், ஒரு பெண் குரலைச் செயற்கையாக உண்டாக்க முயன்றபோது நடந்தது எனக்கு இன்னும் பிடித்தது. சைன் அலைகளை எவ்வளவு கச்சிதமாக அடுக்கினாலும் அது அடுக்கிய அலைகளாகவே கேட்டது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சின்ன நடுக்கத்தைக் கொடுத்த கணமே அவை ஒட்டிக்கொண்டு ஒரு பாடகி ஆயின. வைப்ராட்டோவை மிகையாக்கிக் கண்டுபிடித்தவருக்கு, சாதாரண வைப்ராட்டோ என்ன செய்கிறது என்பது பன்னிரண்டு ஆண்டு கழித்துத் தெரிந்தது.

இந்த முறையில் யமஹா செய்த முதல் கருவியான ஜிஎஸ்1 பியானோ அளவுக்குப் பெரியது, விலை ஏறத்தாழ 16,000 டாலர். டோட்டோ குழுவின் 'ஆப்பிரிக்கா' பாட்டில் கட்டை விரலால் மீட்டுவதுபோல் ஒலிப்பது அதுதான். 1983இல் டிஎக்ஸ்7 வந்தது. விலை 1,995 டாலர். 61 கட்டைகள், ஒரே நேரத்தில் 16 சுரங்கள். இரண்டு அலைக்குப் பதில் ஆறு அலைகள். யார் யாரை அசைப்பது என்பதற்கு 32 வகை ஏற்பாடு. மெதுவாகத் தொட்டால் மென்மையாகவும் ஓங்கி அடித்தால் பளிச்சென்றும் ஒலிக்கும், அதாவது ரிஸே சொன்னது விரலுக்கு அடியில் வந்துவிட்டது. சில ஆண்டுகளுக்குள் லட்சக்கணக்கில் விற்றது. விட்னி ஹூஸ்டன் பாடிய மெல்லிய காதல் பாட்டுகளுக்குப் பின்னால் கண்ணாடி உரசுவதுபோல் ஒலிக்கும் மின்பியானோ இதனுடையது. நிஜமான மின்பியானோ செய்துகொண்டிருந்த ரோட்ஸ் நிறுவனம் அதே பத்தாண்டுக்குள் கைமாறிப் போனது.

ஆனால் இந்தக் கருவியைத் திருத்தி வாசித்தவர்கள் மிகக் குறைவு. திருகுவதற்குக் குமிழ்களே கிடையாது. தட்டையான பொத்தான்கள், இரண்டே வரி காட்டும் சின்னத் திரை, ஒவ்வொரு ஒலிக்கும் நூற்றுக்கு மேற்பட்ட எண்கள். ஓர் எண்ணை மாற்றினால் ஒலி எங்கே போய் நிற்கும் என்று ஊகிக்க முடியாது. பிரையன் ஈனோ போன்ற ஒருசிலர் பொறுமையாக உள்ளே இறங்கினார்கள். மற்றவர்கள் கடையிலிருந்து வந்தபடியே வாசித்தார்கள். எனவே எண்பதுகள் எப்படி ஒலித்தன என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பங்கு, டேவிட் பிரிஸ்டோ, கேரி லியூன்பர்கர் என்ற இருவர் முன்கூட்டியே அமைத்துவைத்த சில ஒலிகள்தாம். இதற்காக இசைக்கலைஞர்களைக் குறை சொல்வது சரியல்ல. நன்றாக ஒலிக்கும் ஒன்று கையிலேயே இருக்கும்போது யார் ஏன் எண்களோடு மல்லுக்கட்ட வேண்டும்?

பிறகு அந்தச் சில்லு சிறுத்தது, மலிந்தது. 1987இல் கனடாவின் ஆட்லிப், 1989இல் சிங்கப்பூரின் சவுண்டு பிளாஸ்டர் என்று ஒலி அட்டைகளில் ஏறிக் கணினிக்குள் போனது. சேகாவின் விளையாட்டுப் பெட்டிக்குள் போனது. எண்பதுகளின் பிற்பாதியில் சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் ஊர் மெல்லிசைக் குழுக்களிலும் யமஹா கீபோர்டு சகஜமாகிவிட்டது. கடைசியில் கைப்பேசிக்குள் நுழைந்தது: இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் பாலிபோனிக் ரிங்டோன் என்று பணம் கட்டி இறக்கிய பாட்டுகளைப் பல கைப்பேசிகளில் வாசித்தது யமஹாவின் இதே வகைச் சில்லுதான். பண்பலை வானொலியும் அதே பெட்டிக்குள் இருந்திருக்கும். உறவு தெரியாமல் ஒரே வீட்டில் குடியிருந்த இருவர்.

சிக்கனத்தால் வென்றதை வீழ்த்தியதும் சிக்கனம்தான். நினைவகம் விலை இறங்கியபோது, ஒலியைக் கணக்குப் போட்டு உண்டாக்குவதைவிட நிஜமான கருவியைப் பதிவுசெய்து உள்ளே வைத்துவிடுவது லாபம் என்றானது. 1987இல் ரோலண்ட் டி-50 என்ற கீபோர்டு அந்த வழியில் பாதி தூரம் போனது. 1988இல் கோர்க் எம்1 முழுதாகப் போனது. கைப்பேசியிலும் இதே கதை: எம்பி3 வந்ததும் ரிங்டோனுக்குச் சில்லு தேவைப்படவில்லை.

காணாமல் போய்விட்டதா என்றால், இல்லை. டிஎக்ஸ்7இன் ஓர் ஒலி 128 பைட்டில் அடங்கும். கருவிக்குள் இருந்த 32 ஒலிகளும் சேர்ந்து 4,096 பைட். இன்று டெக்ஸெட் என்ற இலவச மென்பொருள் 1983ஆம் ஆண்டுக் கோப்பை அப்படியே படித்து அதே ஒலியைத் தருகிறது. எல்லா எண்களும் திரையில் ஒரே பார்வையில் விரிந்திருக்கின்றன, சுட்டியால் இழுத்தால் மாறுகின்றன. எனவே இப்போதைய இளைஞர்கள், அன்று யாரும் போகாத மூலைகளுக்கெல்லாம் போய்ப் பார்க்கிறார்கள். மின்பியானோவையும் விடவில்லை.