திரும்பி வந்த வயலும் திரும்பாத வீடும்

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இரண்டு பத்திரங்கள் இருக்கின்றன. ஒன்று 1916-ஆம் ஆண்டு, நள வருஷம் ஆனி மாதம் எழுதியது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை அச்சிட்ட முத்திரைத்தாள், மடிப்பு மடிப்பாக இற்றுப்போய்க் கிடக்கிறது. மற்றொன்று 1957-ல் எழுதியதன் நகல். அதன் அசல் எங்களிடம் இல்லை. எழுதி வாங்கியவர் வீட்டோடு போய்விட்டது. முதல் பத்திரத்தால் எங்கள் வயல் திரும்பி வந்தது. இரண்டாவது பத்திரத்தால் எங்கள் வீடு திரும்பாமலே போனது. உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலுமாக 34 வருஷம் நான் பத்திரம் எழுதியதற்கும், எனக்கு முன்னால் என் அப்பா எழுதியதற்கும் காரணம் இந்த இரண்டு தாள்கள்தான்.

1916 பத்திரம் ஒத்திப் பத்திரம். என் பூட்டனார் ஒரு ஜோடி உழவு மாட்டுக்காகவும் தங்கை கல்யாணத்துக்காகவும் ஓர் ஏக்கர் 12 சென்ட் நஞ்சையை 350 ரூபாய்க்கு ஒத்தி வைத்தார். ‘மதுரை ஜில்லா பெரியகுளம் தாலுகா’ என்று தொடங்கி, நிலத்தின் நான்கு எல்லைகளையும் சொல்லி, நடுவில் ஒரு வரி வருகிறது: பணத்துக்கு வட்டியில்லை, நிலத்துக்குக் குத்தகையில்லை. ஒத்தியின் உயிர் அந்த வரியில் இருக்கிறது. பணம் கொடுத்தவர் நிலத்தை உழுது விளைச்சலை எடுத்துக்கொள்வார், விளைச்சலே வட்டி. நிலத்துக்காரர் முதலைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் நிலம் திரும்பும்.

பழைய தமிழில் இதற்கு ‘ஒற்றி’ என்று பெயர். கல்வெட்டுகளில் இருக்கும் சொல் இது. கம்பம்மெட்டு ஏறி மறுபக்கம் இறங்கினால் மலையாளத்திலும் இதே சொல்தான். சென்னைப் பக்கம் இதையே போக்கியம் என்பார்கள். எங்கள் பக்கம் பத்திரத்தில் ‘சுவாதீன அடமானம்’ என்று எழுதினாலும் வாயில் வருவது ஒத்திதான்.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் நஞ்சைக்கு ஒத்தி கேட்டு ஆள் வந்ததற்குத் தண்ணீர் ஒரு பெரிய காரணம். அந்தத் தண்ணீரும் ஒரு பத்திரத்தின் பேரில்தான் வருகிறது. 1886 அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூர் மகாராஜாவும் வெள்ளையர் அரசும் எழுதிக்கொண்ட குத்தகை, 999 வருஷத்துக்கு. சுமார் 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். 1970-ல் அதை 30 ரூபாயாக உயர்த்தினார்கள். அந்த இடத்தில் இன்ஜினியர் பென்னிகுயிக் கட்டிய பெரியாற்று அணை 1895-ல் திறந்தது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகப் பெரியாற்றுத் தண்ணீர் கிழக்கே இறங்கியது. இன்றைக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு அந்தத் தண்ணீரைத்தான் திறந்துவிடுகிறார்கள். அணையைப் பற்றி எத்தனை வழக்கு வந்தாலும் தமிழ்நாடு, கேரளம் இரண்டு தரப்பும் அந்த 1886 தாளை விரித்து வைத்துக்கொண்டுதான் பேச வேண்டியிருக்கிறது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதன்மேல் நின்றுதான் தீர்ப்புச் சொன்னது. எழுதிய தாளின் பலம் என்ன என்று எங்கள் ஊர்க்காரனுக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சொந்த வீட்டு விஷயத்தில் அதை மறந்துவிடுகிறோம்.

அடமானத்துக்கு உரிய சட்டம் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 58-ஆவது பிரிவு அடமானத்தை ஆறு வகையாகப் பிரிக்கிறது. எங்கள் ஒத்தி அதில் ஒன்று. இன்று வங்கியில் வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கும் கடன் இன்னொன்று. 59-ஆவது பிரிவு, 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள அடமானத்தை இரண்டு சாட்சி வைத்து எழுதிப் பதிய வேண்டும் என்கிறது. பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் கடனுக்கு மட்டும் அந்தக் கட்டாயம் அந்தப் பிரிவில் இல்லை. 60-ஆவது பிரிவுதான் என் மனசுக்கு நெருக்கமானது. கடனைக் கட்டினால் சொத்தை மீட்கலாம்; அந்த உரிமையைப் பறிக்கும் எந்த நிபந்தனையும் பத்திரத்தில் செல்லாது. ஒருமுறை அடமானம் என்றால் என்றைக்கும் அடமானம்தான், அது தானாகக் கிரயமாக மாறிவிடாது.

பூட்டனார் ஐந்து வருஷத்தில் மீட்கலாம் என்று நினைத்தார். முடியவில்லை. அவர் காலமானார், தாத்தா தலையெடுத்தார், ஒத்தி அப்படியே நின்றது. 350 ரூபாய்க்கு 30 வருஷத்துக்கு மேல் எங்கள் வயலின் நெல் இன்னொரு வீட்டுக் குதிருக்குப் போனது.

இப்படிப்பட்ட குடும்பங்கள் மதராஸ் மாகாணம் முழுக்க இருந்தன. ராஜாஜி அமைச்சரவை 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து பழைய வட்டிகளைக் குறைத்தது. ஒத்திக்கு அதில் தனி வழி வந்தது 1948-ஆம் ஆண்டுத் திருத்தத்தில். ஒத்தி பிடித்தவர் 30 வருஷமோ அதற்கு மேலோ நிலத்தை அனுபவித்திருந்தால், சில விலக்குகள் தவிர, விவசாயியின் கடன் முழுதும் தீர்ந்ததாகக் கொள்ள வேண்டும் என்றது அந்தத் திருத்தம். அத்தனை வருஷ விளைச்சலே முதலையும் அடைத்துவிட்டது என்பது அதன் நியாயம்.

1949-ல் தாத்தா முன்சீப் கோர்ட்டில் மனுப் போட்டார். எதிர்த்தரப்பு மூன்று வாய்தாவுக்கு வந்தது, பிறகு சமாதானத்துக்கு வந்தது. 1916 பத்திரத்தின் பின்பக்கம் ‘ஒத்தி தீர்ந்து நிலத்தை ஒப்படைத்தோம்’ என்று எழுதி, அசலைத் தாத்தா கையில் கொடுத்தார்கள். 33 வருஷம் கழித்து எங்கள் ஆட்கள் அந்த வயலில் நாற்று நட்டபோது அப்பத்தா வரப்பில் உட்கார்ந்து அழுததாக அப்பா சொல்வார். வயல் திரும்பியதற்குக் காரணம், 1916-ல் யாரோ ஒரு பத்திர எழுத்தர் ‘ஒத்தி’ என்ற சொல்லைச் சரியாக எழுதி, சரியாகப் பதிந்து வைத்திருந்தது. அவர் பெயர் கடைசி வரியில் இருக்கிறது. நான் அவரைக் கும்பிடுகிறேன்.

எட்டு வருஷத்தில் அதே தாத்தா வீட்டை இழந்தார். 1957-ல் அத்தையின் பிரசவத்தில் சிக்கலாகி மதுரைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. 1,500 ரூபாய் உடனே வேண்டும். கொடுக்க வந்தவர், “ஒத்தி, கித்தியின்னு எழுதுனா இழுத்தடிக்கும் மாமா. கிரயமா எழுதிருங்க. மூணு வருசத்துல பணத்தக் கொண்டாங்க, மறுகிரயம் பண்ணித் தர்றேன்” என்றார். பழகிய மனிதர், கெட்டவரும் அல்லர். அத்தை பிழைத்தாள். இரண்டாவது வருஷம் பணம் கொடுத்தவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். தாத்தா பணத்தோடு போனபோது அவருடைய பிள்ளைகள், “பத்திரத்துல கிரயம்னுதான இருக்கு” என்றார்கள்.

தாத்தா பார்த்த வக்கீல் சொத்து மாற்றுச் சட்டத்தின் 1929-ஆம் ஆண்டுத் திருத்தத்தை எடுத்துக் காட்டினாராம். திருப்பித் தரும் நிபந்தனை அதே பத்திரத்துக்குள் எழுதியிருந்தால்தான் கிரயத்தை அடமானமாகக் கொள்ளலாம். தனித்தாளில் எழுதினால்கூட அடமானம் ஆகாது. எங்களிடம் தனித்தாளும் இல்லை, வாய்ச்சொல்தான் இருந்தது. எழுத்துக்கு மேல் வாய்ச்சொல்லைச் சாட்சிச் சட்டம் ஏற்காது. அந்த வருஷம் தை மாதம் தாத்தா குடும்பத்தோடு வாடகை வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகுதான் அப்பா பத்திரம் எழுதக் கற்றுக்கொண்டார். எழுதி முடித்ததும் எழுதிக் கொடுப்பவரை எதிரில் உட்காரவைத்து மூன்று முறை சத்தமாக வாசிப்பார். “இது கிரயமா, அடமானமா? உங்க வாயால சொல்லுங்கய்யா” என்று கேட்பார். பதில் வராமல் கையெழுத்து வாங்க மாட்டார். இந்தப் பழக்கத்தால் சில கட்சிக்காரர்கள் வேறு எழுத்தரிடம் போனார்கள். அப்பா மாறவில்லை. நானும் மாறவில்லை.

ஒத்தி இப்போது வயலைவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டது. தேனி, போடி, கம்பம் எங்கும் மூன்று லட்சம், ஐந்து லட்சம் கொடுத்து வீட்டை ஒத்திக்குப் பிடித்து வாடகையில்லாமல் இருக்கிறார்கள். பெரும்பாலும் 100 ரூபாய் முத்திரைத்தாளில் ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. பதியாத ஒத்தி சட்டத்தின் கண்ணில் அடமானமே அல்ல. பிரச்சினை வந்தால் கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்குப் போடலாம். வீட்டின்மேல் உரிமை கொண்டாட முடியாது. அந்த வீடு முன்பே வங்கியில் அடமானமாக இருந்தால் வங்கிக்குத்தான் முதல் உரிமை. 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டை ஏலம் விடலாம். அப்போது ஒத்திக்காரர் சட்டி பானையோடு தெருவில் நிற்பார். அப்படி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் வீடு வாங்க வந்தாலும் ஒத்திக்கு வந்தாலும் முதலில் வில்லங்கம் போட்டுப் பார்க்கச் சொல்வேன், குறைந்தது 30 வருஷத்துக்கு. பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் வங்கிக் கடன் குறிப்பையும் பதிய வேண்டும் என்று 2012-ல் தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்த பிறகு அதுவும் வில்லங்கத்தில் தெரிகிறது. பட்டா இருக்கிறதே என்பார்கள். பட்டா வரி கட்டுபவரைக் காட்டும். உரிமையைக் காட்டுவது மூலப்பத்திரம். பூர்வீகச் சொத்தென்றால் பெண்மக்கள் கையெழுத்து எங்கே என்று கேட்பேன். 1989-லேயே தமிழ்நாடு மகளுக்குப் பங்கு கொடுத்துவிட்டது. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. ஒத்தி வைத்தவர்களுக்கும் ஒரு நல்ல செய்தி உண்டு. 2014 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், சுவாதீன அடமானத்தில் வருஷங்கள் ஓடியதாலேயே மீட்கும் உரிமை அற்றுப்போகாது என்று சொன்னது. பூட்டனார் கேட்டிருக்க வேண்டிய தீர்ப்பு.

போன வருஷம் என் மகள் தேனியில் ஒரு வீடு வாங்கினாள். வில்லங்கம் சுத்தமாக வந்தது. ஆனால் பதியாத ஒத்தி வில்லங்கத்தில் வராது; குடியிருப்பவரின் உரிமை என்ன என்று விசாரிக்காமல் வாங்கினால், தெரிந்தே வாங்கியதாகத்தான் சட்டம் கொள்ளும். நான் நேராகப் போய்க் குடியிருந்த அம்மாவிடம், “வாடகையாம்மா, ஒத்தியா?” என்று கேட்டேன். அவர் தயங்கி உள்ளே போய் ஒரு முத்திரைத்தாளைக் கொண்டுவந்தார். மூன்று லட்சம், பதியவில்லை. விற்பவர் எங்களிடம் அதைப் பற்றிப் பேச்சே எடுத்திருக்கவில்லை.

விலையில் மூன்று லட்சத்தைக் கழித்து, விற்பவர் முன்னிலையில் அந்த அம்மாவின் வங்கிக் கணக்குக்கு அனுப்பிய பிறகுதான் கிரயம் பதிந்தோம். பணம் வந்ததும் அவர் அந்தத் தாளைக் கிழிக்கப் போனார். நான் வாங்கி வைத்து, பின்பக்கத்தைத் திருப்பி, ‘ஒத்தி தீர்ந்து வீட்டை ஒப்படைத்தேன்’ என்று எழுதினேன். மூன்று முறை சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.