குப்பை என்று ஒதுக்கப்பட்ட பக்கங்கள்

மனித டி.என்.ஏ.யில் புரதங்களுக்கான குறிப்பு இருப்பது சுமார் 2 சதவீதத்தில்தான். மிச்சம் எதற்கு? 1972இல் சுசுமு ஓனோ அதைக் 'குப்பை' என்றார். அவரிடம் ஒரு கணக்கு இருந்தது: அத்தனை நீளமும் உயிருக்கு அவசியமென்றால், தலைமுறைதோறும் சேரும் பிழைகளின் சுமையை எந்த உயிரினமும் தாங்காது. கணக்கில் நியாயமுண்டு. ஆனால் கணக்கைவிட பெயர்தான் வேகமாகப் பரவியது. குப்பைன்னு சொன்ன பிறகு யாரு குனிஞ்சு பாப்பாங்க?

1977இல் ஷார்ப்பும் ராபர்ட்ஸும், மரபணு தொடர்ச்சியான வாக்கியமல்ல, நடுநடுவே புரதத்தில் சேராத இடைப்பகுதிகள் உண்டு என்று காட்டினார்கள். இவை இன்ட்ரான் எனப்படுகின்றன. செல் முழுவதையும் படியெடுத்து, இன்ட்ரான்களை வெட்டியெறிந்து, மற்றதை ஒட்டுகிறது. எங்கே வெட்டுவது என்ற அடையாளம் பெரும்பாலும் இன்ட்ரானுக்குள்ளேயே இருக்கிறது. ஆக, தூக்கியெறியப்படுவதுதான் வாக்கியத்தைத் தீர்மானிக்கிறது.

இது ஏதோ வெளிநாட்டுச் சங்கதி அல்ல. 2009இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணி, ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ் உள்ளிட்டோர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில், ஓர் இன்ட்ரானில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. வெட்டுமிடம் தடுமாறி, அடுத்த துண்டும் சேர்ந்தே போய்விடுகிறது. துணைக்கண்டத்தில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இது உண்டு. சாதி, மதம், மொழி என்ற வேலிகளைத் தாண்டிப் பரவியிருக்கிறது. முதுமையில் இதயம் பலவீனமாவதற்கு இதுவே காரணம் என்று கருதப்பட்டது.

கதை அங்கே முடியவில்லை. 2020இல் வந்த மறுஆய்வு, இதயத்தசை தடிக்கும் நோயைப் பொறுத்தவரை, கூடுதல் அபாயம் அந்த விடுபடலால் அல்ல என்றது. அதைச் சுமப்பவர்களில் ஒரு சிறு பகுதியினரிடம், அதே மரபணுவின் வேறோர் இன்ட்ரானில் ஒற்றை எழுத்து மாறியிருக்கிறது. அது பொய்யான வெட்டுமிடத்தை உண்டாக்குகிறது. 'இந்தியர்களின் நோய்' என்று மொத்தமாக முத்திரை குத்தியதும் ஒருவகையில் பாராமைதான். அந்த 4 சதவீதம் பேரும் நோயாளிகள் அல்லர்.

அதற்காக எல்லாமே பொக்கிஷமென்று கும்பிடவும் வேண்டாம். 2012இல் 'என்கோட்' திட்டம் 80 சதவீதத்துக்குச் செயல்பாடு உண்டென்று அறிவித்தபோது, ஒரு புரதம் வந்து ஒட்டிக்கொண்டாலே அது வேலையாகிவிடுமா என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

ஆனால் புரதப் பகுதிகளை மட்டும் வாசிக்கும் பரிசோதனை, இன்ட்ரானின் ஆழத்தில் இருக்கும் அந்த ஒற்றை எழுத்தைத் தவறவிடும். நோயாளியின் கையில் கிடைப்பது 'ஒன்றுமில்லை' என்ற சீட்டு. 1972இல் வைத்த பெயருக்கு இன்றும் யாரோ விலை கொடுக்கிறார்கள்.