அச்சும் கடையாணியும்

திருமலை அடிவாரத்து அலிபிரி ஒரு காலத்தில் வண்டிப் பிரயாணத்தின் எல்லையாக இருந்தது. தொண்டை மண்டலத்துக் கிராமங்களிலிருந்து கூண்டு வண்டி பூட்டிக்கொண்டு, கட்டுச்சோற்று மூட்டையும் உண்டியல் முடிச்சுமாக, இரவெல்லாம் லாந்தர் வெளிச்சத்தில் வந்துசேர்ந்த குடும்பங்கள், அங்கே மாட்டை அவிழ்த்துவிட்டுக் கால்நடையாகவும், இயலாதவர்கள் டோலியிலுமாக மலையேறினார்கள். 1944-இல் மலைப்பாதை திறக்கப்படும் வரையில் அதுவே வழக்கம். யாத்திரிகர்கள் தரிசனம் முடித்து இறங்கிவருவதற்குள், கீழே காத்திருக்கும் வண்டிக்காரருக்குப் பிரதானமான காரியம் ஒன்று இருந்தது. வந்த வழியில் ஆட்டங்கண்ட சக்கரத்தையும், தேய்ந்த அச்சையும், தளர்ந்த கடையாணியையும் பார்த்து, திரும்பும் பிரயாணத்துக்கு எதை மாற்றுவது, எதைச் செப்பனிட்டு ஓட்டுவது என்று தீர்மானிப்பதுதான் அது. சித்தூர், திருப்பதிப் பிரதேசத்தில் பாரம் இழுத்த வண்டிகளின் சரித்திரத்தை எழுதப் புகுகிறவன், வண்டியைக் காட்டிலும் இந்தத் தீர்மானத்தையே கவனிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்து 1911-இல் சித்தூர் ஜில்லா அமைக்கப்பட்டபோது, தமிழும் தெலுங்கும் ஒரே பட்டறையில் புழங்கும் சீமை ஒன்று ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தது. தமிழர் அச்சு என்பதைத் தெலுங்கர் இருசு என்பார். நாம் கடையாணி என்பது அவர்களுக்குச் சீல. கருவேலமும் தும்மையும் ஒரே மரந்தான். பெயர் எதுவானாலும், எந்த உறுப்புக்கு எந்த மரம் என்பதில் மட்டும் இரு சாராரிடமும் கருத்து வேற்றுமை இருந்ததில்லை. சக்கரத்தின் நடுவில் நின்று எல்லா அடியையும் வாங்கும் குடத்துக்கு வைரம் பாய்ந்த கருவேலம் வேண்டும். அச்சுக்கு வளைந்து கொடுத்தும் முறியாத மரம் வேண்டும். சேஷாசலக் காடுகளில் வளரும் வெக்காலிக்கு ஆங்கிலேயர்கள் அச்சு மரம் என்றே பெயரிட்டுவிட்டார்கள் என்றால், அந்தப் பெயரின் பின்னே எத்தனை தலைமுறைத் தச்சர்களின் அனுபவம் நிற்கிறது என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

ஆரக்கால் ஒன்று முறிந்தால் அதை மாத்திரம் மாற்றுவது சுலபம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் எண்ணுவர். உண்மை அப்படியன்று. பெரும்பாலும் பன்னிரண்டு ஆரக்காலும் விளிம்பில் ஆறு வட்டையுமாகச் சேர்ந்த சக்கரத்தில், புதிதாகச் செருகிய ஒன்று மயிரிழை நீண்டிருந்தாலும் வட்டை பிதுங்கும். குட்டையாக இருந்தால் அதன் பாரம் அக்கம்பக்கத்துக் கால்களின்மேல் விழுந்து, ஒரு மாதத்துக்குள் அவையும் போகும். ஆகவே நல்ல தச்சர் முதலில் மரத்தைப் பார்ப்பதில்லை. பழைய காலின் தேய்மானத்தைப் பார்ப்பார்.

இரும்புப் பட்டா போடுவதைச் சிறுவயதில் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கொல்லர் சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி நூல் பிடித்து அளந்து, அந்த அளவுக்குச் சற்றே குறைவாகப் பட்டாவை வளைத்து ஒட்டுவார். பிறகு அதைத் தரையில் கிடத்தி, மேலும் கீழும் வறட்டியை அடுக்கி நெருப்பு வைப்பார்கள். இரும்பு செக்கச்செவேலென்று பழுத்து விரிந்ததும், நாலு பேர் இடுக்கியால் தூக்கிவந்து சக்கரத்தின்மேல் இறக்க, மரம் பற்றிப் புகைய, சம்மட்டி அடியோடு குடங்குடமாகத் தண்ணீர் கொட்டுவார்கள். அந்த ஆவியினூடே ஒரு சப்தம் கேட்கும். சுருங்கும் பட்டா வட்டைகளை ஒன்றோடொன்று நெருக்க, ஒவ்வொரு இணைப்பும் 'கடக்' என்று தன் இடத்தில் போய் உட்காரும் சப்தம் அது. அளவு கூடியிருந்தால் பட்டா வழியில் கழன்றோடும். அளவுக்கு மீறிக் குறைந்திருந்தால் ஆரக்கால்கள் நெரிந்து வளையும்.

மாற்று உறுப்பைக் கையோடு கொண்டுபோகும் வழக்கம் மிகப் புராதனமானது. வண்டியின் அடியில் உப்பு வணிகரான உமணர்கள் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வதைப் புறநானூற்றில் ஔவையார் தலைவன் எழினிக்கு உவமையாக்கியிருக்கிறார். மேட்டிலும் பள்ளத்திலும் உப்புப் பாரத்தோடு போகிறவனுக்கு இன்னது நேரும் என்று யார் சொல்லமுடியும்? சித்தூரிலிருந்து பலமனேருக்கு மொகிலிக் கணவாய் ஏறிய வெல்ல வண்டிகளின் பாடும் அதுவே.

மர அச்சு போய் இரும்பு அச்சு வந்தது. பின்னர் காற்றடைத்த ரப்பர் டயர் வந்தது. இரும்புப் பட்டா சாலையைக் கிழித்ததும், மாட்டின் கழுத்தை வருத்தியதும் இதனால் குறைந்தன. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநரான என். எஸ். ராமசுவாமி, 1970-களில் நுகத்தடியையும் சக்கரத்தையும் சீர்திருத்த வேண்டுமென்று இடைவிடாது வாதாடினார். மாட்டின்மேல் அவருக்கிருந்த கருணை வெறும் கருணையன்று. உருளும் தாங்கி ஒன்று மாட்டின் உழைப்பை எவ்வளவு மிச்சப்படுத்தும் என்ற கணக்கும் அதில் இருந்தது.

ஆனால் அதற்குள் டிராக்டர் வந்துவிட்டது. 1960-இல் சென்னையில் தோன்றிய டாஃபே நிறுவனத்தின் மேஸி பெர்குசனும் பிறவும் வயலில் உழுத நேரம் போக, டிரெய்லரைக் கட்டி இழுக்கலாயின. கரும்பு சர்க்கரை ஆலைக்கும், வெல்லம் சித்தூர் மண்டிக்கும், ஆனி ஆடி மாதங்களில் கிளிமூக்கு மாங்காய் கூழ்த் தொழிற்சாலைக்கும் அவற்றிலேயே போகின்றன. குடத்தின் இடத்தில் ஹப். வண்டி மையின் இடத்தில் கிரீஸ். கடையாணியின் பொறுப்பில் ஒரு பகுதியை, டிராக்டரையும் டிரெய்லரையும் பிணைக்கும் பின் ஏற்றுக்கொண்டது. கட்டடக் கம்பியை வெட்டிப் பின்னாகச் செருகுகிறவர்களை இன்றும் காண்கிறேன். எனக்கு நெஞ்சு பதறுகிறது. சமதளத்தில் அது தாங்கும். கணவாய் ஏற்றத்தில் வளைந்து முறிந்தால், பல டன் மாங்காய் பின்னோக்கி உருண்டுவரும், பின்னால் வருகிறவர்கள் யாரென்று பாராமல். ஏற்ற தடிமனில் உறுதியான எஃகுப் பின்னும், அது மேலெழாமல் தடுக்கும் கிளிப்பும், அதுவும் தவறினால் பிடித்து நிறுத்தப் பாதுகாப்புச் சங்கிலியும், இம்மூன்றுக்கும் ஆகும் செலவு ஒரு டயரின் விலைக்கு வெகு தூரம் கீழே.

பேரிங் விஷயத்தில் பழைய தச்சரின் கண் இன்னும் தேவைப்படுகிறது. டிரெய்லர்கள் பல, ஊர்ப் பட்டறைகளில் கழிந்த லாரிகளின் அச்சை வைத்துக் கட்டப்பட்டவை. ஆகவே டிரெய்லர் செய்தவரின் பெயரைச் சொன்னால் கடைக்காரருக்கு ஒன்றும் விளங்காது. ஹப்புக்குள் பெரிது ஒன்றும் சிறிது ஒன்றுமாக இருக்கும் இரண்டு பேரிங்குகளின் விளிம்பில் பொறித்த எண்ணே அவற்றின் ஜாதகம். அது தேய்ந்துபோயிருந்தால் அச்சின் தடிமனைக் காலிப்பரால் அளக்க வேண்டும். புதிய உருளைகளை, அவை ஓடும் பழைய கிண்ணத்திலேயே போட்டுப் பணம் மிச்சப்படுத்துகிறவர் ஒரே பருவத்தில் இரண்டையும் இழப்பார். ஏனெனில் பழைய கிண்ணத்தில் விழுந்த தடம் புதிய உருளையையும் தன் வழிக்கே இழுத்துவிடும்.

இதனாலேயே உதிரிபாகக் கடைகளில் வருகிறவரைப் பார்த்துக் கேட்கும் முதல் கேள்வி, "பழசு கொண்டுவந்தீங்களா?" என்பதாக இருக்கிறது. விவசாயி தோளிலிருந்து சாக்குப்பையை இறக்கி, செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தைப் பிரிக்கிறார்; கறுத்த கிரீஸில் தோய்ந்த பேரிங்கைக் கடைக்காரர் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி எண்ணைத் தேடுகிறார்.