மரக்கீற்றுக் கயாக் வீட்டுக்கு வந்த வழி

மரக்கீற்றுக் கயாக் படகின் வடிவம் வடதுருவக் கரைகளைச் சேர்ந்தது. இனுயிட், அலியூட் மக்கள் வாழும் அந்த நிலத்தில் மரம் அரிது. ஆறுகள் அடித்துவந்து கடற்கரையில் ஒதுக்கிய கட்டைகளைச் சீவிச் சட்டம் கோத்து, விலங்கின் தசைநாரால் கட்டி, சீல் தோலைப் போர்த்தித் தைத்தார்கள். அதில் ஏறப்போகும் வேட்டைக்காரனின் கைநீளமும் இடுப்பளவுமே அளவுகோல்.

இந்த வடிவத்தை ஐரோப்பாவில் பொழுதுபோக்காக்கியவர்களில் முதன்மையானவர் ஜான் மக்ரெகர் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞர். 1865இல் ஓக் பலகையில் கட்டிய 'ராப் ராய்' படகில் அவர் ஐரோப்பிய ஆறுகளைச் சுற்றி எழுதிய நூல் பலரைத் துடுப்பெடுக்க வைத்தது. ஆனால் அந்தப் படகு, தேர்ந்த படகுத்தச்சர் கட்டியது.

கீற்றால் கட்டும் முறையோ கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துப் பீட்டர்பரோ வட்டாரத்தில் வளர்ந்தது. அங்கிருந்த ஜான் ஸ்டீபன்சன் போன்றவர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரத்தாலான முழு அச்சின்மேல் கனூ எனும் திறந்த படகுகளைக் கட்டினார்கள். ஒடுங்கிய சிடார் கீற்றுகளை விளிம்போடு விளிம்பு பொருத்தி, உள்ளே நெருக்கமாக வளைத்த விலாச்சட்டங்களில் ஆயிரக்கணக்கான சிற்றாணிகளால் இறுக்கினார்கள். அழகான படகுகள்தான், ஆனால் கனத்த அச்சும் பழகிய கைகளும் இல்லாமல் முடியாத வேலை. அலுமினியமும் கண்ணாடி இழையும் சந்தைக்கு வந்தபின் இத்தொழில் நொடித்தது.

அதைக் கவிழ்த்த கண்ணாடி இழையே முறையைக் காப்பாற்றவும் செய்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் கனூப் பந்தயக்காரர்கள், சிடார் கீற்றுகளின் இருபுறமும் கண்ணாடி இழைத் துணியை ரெசினில் ஊறவைத்து ஒட்டினார்கள். வளையாமல் நிற்கும் விறைப்பை அந்த இரண்டு துணி அடுக்குகளே தந்தன. மரம் நடுவே நின்று அவற்றைப் பிரித்துவைக்கும் எடைகுறைந்த உள்ளீடானது. விலாச்சட்டம் போயிற்று, ஆணி போயிற்று, முழு அச்சும் தேவையற்றதாயிற்று. வீட்டுக் கொட்டகைக்குள் படகு நுழைந்தது இதனால்தான்; தச்சுத்திறன் பரவியதால் அல்ல. பின்னர் பாலியெஸ்டர் ரெசினைவிட மரத்தை உறுதியாகப் பற்றும் எபாக்சி ரெசின் பரவியது. டெட் மூர்ஸ் எழுதிய 'கனூகிராஃப்ட்' (1983) கனூவுக்கும், நிக் ஷேட் எழுதிய 'தி ஸ்ட்ரிப்-பில்ட் சீ கயாக்' (1998) கடல் கயாக்குக்கும் வீட்டில் கட்டுவோரின் பாடநூல்களாயின.

வேலை எளிதாகவே தொடங்குகிறது. நீண்ட சட்டத்தின்மேல் சுமார் ஓர் அடிக்கு ஒன்றாகப் பலகை வார்ப்புருக்களை நிறுத்தி, ஏறக்குறைய 6 மி.மீ. தடிமனும் 19 மி.மீ. அகலமும் உள்ள கீற்றுகளை ஒட்டிக்கொண்டே போகவேண்டும். ஒரு விளிம்பு குவிந்தும் மறுவிளிம்பு குழிந்தும் இருந்தால், வளைவிலும் இடைவெளி விழாது. பிறகு இழைப்புளி, உப்புத்தாள், கண்ணாடித் துணி. கயாக்குக்கு மேல்தளம் உண்டு என்பதால் கனூவைவிட ஒரு தொல்லை கூடுதல்: தளத்தையும் அடிப்பகுதியையும் தனித்தனியே முடித்து இணைக்கும்போது, கை எட்டாத முனைகளின் உட்பக்க இணைப்புக்கு நீண்ட குச்சியில் கட்டிய தூரிகையால் ரெசின் தடவவேண்டும்.

பசை காயும்வரை கீற்றைப் பிடித்துவைக்கும் ஸ்டேப்ளர் பின்கள் படகெங்கும் சிறு துளைகளை விட்டுச்செல்லும். உறுதியை அவை குறைப்பதில்லை. ஆனாலும் கண்ணை உறுத்துகின்றன என்று, கவ்விகளும் நாடாக்களும் மட்டும் கொண்டு கீற்றுகீற்றாகக் காத்திருந்து கட்டுபவர்கள் உண்டு.