கறுப்பினத்தின் முதல் தூதர்

ஹெய்ட்டி நாட்டுக் கறுப்பின மக்கள் பிரெஞ்சுக்காரரின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாய் உழன்றவர்கள். 1791-இல் கிளர்ந்தெழுந்து போராடி, 1804-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தனியரசு நாட்டினர். விடுதலையின் பெயராலேயே பிறந்த அமெரிக்க ஐக்கிய நாடு முதலிலன்றோ வாழ்த்தியிருக்க வேண்டும்? 58 ஆண்டுகள் வரை அவ்வரசை அது ஏற்கவேயில்லை. ஏற்றால் கறுப்புத் தூதர் ஒருவர் வாஷிங்டன் நகரில் வந்து சரியாசனத்தில் அமர்வாரே! தென்பகுதி அடிமையாண்டைகளுக்கு அது பொறுக்கவில்லை. லிங்கன் காலத்தில், 1862-இல்தான் அத்தடை நீங்கிற்று.

ஏழாண்டு கழிந்து, 1869 ஏப்ரலில், ஜனாதிபதி கிராண்ட் அந்த ஹெய்ட்டிக்கே எபனீசர் பாஸெட் என்பாரைத் தூதராக நியமித்தார். அமெரிக்க அரசின் தூதராய் அயல்நாடு சென்ற முதற் கறுப்பர் இவரே. ‘அம்பாசடர்’ என்னும் பட்டத்தை அந்நாடு அந்நாளில் எவருக்கும் வழங்கியதில்லை. 1893-இல்தான் வழங்கத் தொடங்கிற்று. பாஸெட்டின் பதவி அதனிற் சிறிய ‘மினிஸ்டர் ரெசிடெண்ட்’ என்பதாகும்.

1833-இல் கனெக்டிகட் மாநிலத்திற் பிறந்த இவர், அங்குள்ள ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிற் சேர்ந்த முதற் கறுப்பு மாணாக்கர். பின்னர் பிலடெல்பியாவில் கறுப்பு இளைஞர் கல்விச்சாலையின் தலைமையாசிரியரானார். உள்நாட்டுப் போரின்போது பிரடெரிக் டக்ளஸ் முதலியோருடன் கூடிக் கறுப்பர் படைக்கு ஆள் திரட்டினார். இத்தகுதிகள் யாவும் இருந்தும், இவரை அனுப்பியது கறுப்பர் நாட்டுக்கே என்பதை நாம் மறத்தற்கில்லை. லண்டனுக்கோ பாரிசுக்கோ அனுப்ப எவரும் நினைத்திலர். கௌரவத்தைக் கொடுத்த கையே அதற்கு எல்லையும் கட்டியது.

ஆனால், கிடைத்த இடத்தில் அவர் எவ்வாறு நின்றார் என்பதே நாம் இங்குச் சொல்ல வந்தது.

1875 மே மாதம். ஹெய்ட்டி ஜனாதிபதி டொமிங்கு, தமக்குப் போட்டியெனக் கருதிய மூவரைப் பிடிக்க ஆணையிட்டார். பிரிஸ், மான்பிளெசிர் பியர் என்னும் இருவர் மாண்டனர். மூன்றாமவராகிய தளபதி புவாரோன் கனால், நள்ளிரவு கடந்த வேளையில், இளைஞர் இருவருடன் பாஸெட்டின் இல்லத்தில் அடைக்கலம் புகுந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட படைவீரர் இல்லத்தை வளைத்துக்கொண்டனர். உள்ளே பாஸெட்டின் மனைவி மக்களும் இருந்தனர்.

வெளியே நின்ற துப்பாக்கிகளைக் காட்டிலும் வாஷிங்டனிலிருந்து வந்த கடிதங்களே அவருக்குப் பெருந்துன்பம் விளைத்திருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். அயலுறவு அமைச்சர் ஹாமில்டன் பிஷ், அடைக்கலம் கொடுத்தது தவறென்றே கடிந்துகொண்டார். தூதர் என்பவர் மேலிடத்தார் சொல்லுக்குக் கட்டுப்பட்ட உத்தியோகஸ்தர். கனாலை வெளியே விட்டிருந்தால் அவரைக் குறைகூறும் அதிகாரி எவருமிலர். விட்டால் கனாலின் தலை போகும். பாஸெட் விடவில்லை. எதிர்த்து உரத்துப் பேசவுமில்லை; உண்மை நிலையை மீண்டும் மீண்டும் எழுதிக்கொண்டேயிருந்தார். இவ்வாறே ஐந்து மாதம் சென்றது! இறுதியில் டொமிங்கு அரசு இணங்கிற்று; அக்டோபரில் கனால் உயிரோடு கப்பலேறினார்.

அடுத்த ஆண்டே டொமிங்கு வீழ்ந்தார், கனால் ஜனாதிபதியானார். 1877-இல் பாஸெட் பதவியினின்றும் விலகித் தாயகம் மீண்டார். அவருடைய திறத்தை நன்குணர்ந்தது ஹெய்ட்டியே. நியூயார்க்கில் தன் கான்சல் ஜெனரலாக அமர்த்தி ஏறத்தாழப் பத்தாண்டு வைத்திருந்தது.

1889-இல் ஹெய்ட்டித் தூதர் பதவியை அவர் மீண்டும் விரும்பினார். அது டக்ளஸுக்குக் கிடைத்தது. பாஸெட்டின் மனம் என்ன பாடுபட்டதோ! ஆயினும், பிரெஞ்சு மொழியிற் பழக்கமுடைய அவர் டக்ளஸின் காரியதரிசியாக உடன் செல்ல இசைந்தார். எட்டாண்டு தாமே தூதராயிருந்த நகரில், தம் பழைய தோழருக்குக் கடிதம் எழுதியும் மொழிபெயர்த்தும் பணியாற்றினார்.